பேச்சியம்மா கண்டெடுத்த கரிசலாங்கண்ணி

ஜெயபுரத்துச் சித்த மருந்தகத்தின் பின்வளவில் அந்தப் பாத்தி மூன்றே மாதத்தில் மஞ்சளாய்ப் பூத்து நிறைந்துவிட்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிச் செடிக்கன்று விற்பவர் ஒருவர் கொடுத்த பத்துத் தண்டுகளை டொக்டர் அருந்ததி தன் கையாலேயே நட்டிருந்தார். ஈரல் வருத்தத்தோடு வருகிறவர்களுக்கு இனிப் பச்சை மூலிகையே கொடுக்கலாம் என்று அவருக்குப் பெரிய சந்தோஷம்.

முதல் வெட்டுக்கு, பின்வளவு வேலைக்கு வரும் பேச்சியம்மாவைக் கூப்பிட்டுக் கத்தியைக் கொடுத்தார். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளரின் மகள் பேச்சியம்மா. ஐம்பது வயதுக்குள் அவர் களை பிடுங்காத வயல் அந்தப் பக்கத்தில் இல்லை. அவர் ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"டொக்டர், இது வேறங்க."

"என்ன வேற?"

"நாங்க கீரையா ஆக்குறது இது இல்லீங்க. அதுக்கு எல ஒடுக்கமா, நீட்டா இருக்கும். இதப் பாருங்க, நுனியில மூணாப் பிரியுது. பளபளன்னு வேற இருக்கு."

அருந்ததியின் முகம் சுருங்கியது. "பூ அதே பூத்தானே?"

"பூவ மட்டும் பாத்தா தெரியாதுங்க. எலயத்தான் பாக்கணும்."

அன்று வெட்டு நடக்கவில்லை. வீட்டுக்குப் போன அருந்ததி புத்தகங்களை எடுத்துப் படங்களோடு இலையை ஒப்பிட்டுப் பார்த்தார். மறுநாள் காலை நேரே பேச்சியம்மாவிடம் வந்தார்.

"நீங்கள் சொன்னது சரி. இது அழகுக்கு வளர்க்கிற செடி. நான் பூவைப் பாத்து ஏமாந்துபோனன். உண்மையானது எங்கையும் நிக்குமோ?"

"தேடிப் பாக்குறேங்க."

இரண்டு கிழமை, வேலை முடிந்த பின் பேச்சியம்மா வரப்பு வரப்பாக நடந்தார். புல்லுக்கு மருந்து அடித்து அடித்துப் பல வரப்புகள் மொட்டையாகக் கிடந்தன. கடைசியில் விஜிதரன் என்ற இளைஞனின் வயலில், வாய்க்கால் கசியும் ஒரு மூலையில் அதைக் கண்டார். விஜிதரன் புல்லுக்கு அடிக்கும் மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்த மூலைய மட்டும் விடுங்க."

"ஏன் அக்கா? வெறும் புல்லுப் பூண்டுதானே."

"மருந்துச் செடி தம்பி. அர மணித்தியாலம் பொறுங்க, வேரோட எடுத்துக்கிறேன்."

அவன் தாங்கியை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் குந்தினான். பேச்சியம்மா மண்ணோடு ஏழு தண்டுகளைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்.

உயரமான பாத்தியில் நட்டபோது இரண்டு காய்ந்து செத்தன. மிச்சத்தைக் கிணற்றடியில் தண்ணீர் ஓடும் இடத்துக்கு மாற்றினார். அவை மெல்லத் தளிர்த்தன. பிறகு மாரி வெள்ளம் வந்தது. ஊரே பள்ளிக்கூடத்துக்கு இடம்பெயர்ந்தபோது, பேச்சியம்மா முழங்கால் தண்ணீரில் மருந்தகத்துக்குப் போய், ஐந்து செடிகளையும் மண்ணோடு ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்துத் தலையில் சுமந்து வந்தார்.

"எல்லாரும் அரிசி கொண்டு வருதுகள், இவா புல்லுக் கொண்டு வந்திருக்கிறா" என்று பக்கத்துப் பாயில் இருந்த சிவனேஸ்வரி சிரித்தார். சிரித்துக்கொண்டே பேசினுக்கு இடம் விட்டு நகர்ந்தும் கொடுத்தார்.

தை மாதம் பூ வந்தது. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. அருந்ததி ஒரு தண்டை இலை, பூவோடு காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் தன் சிநேகிதிக்கு அனுப்பினார். ஒரு கிழமையில் அவள் தொலைபேசியில் எடுத்தாள்.

"அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான். எங்கையடி கண்டுபிடிச்சனி?"

"நான் இல்லை. எங்கட பேச்சியம்மா கண்டுபிடிச்சவா."

பழைய பாத்தியை அழிக்க ஒரு மாதம் எடுத்தது. அந்த அழகுச் செடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருந்தது. இருவரும் சேர்ந்தே தோண்டினார்கள். அது முடிந்த அன்று அருந்ததி கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "பேச்சியம்மா, மற்றப் பாத்தியளையும் ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

பேச்சியம்மா குனிந்து குனிந்து இலைகளைத் தொட்டபடி நடந்தார். மூன்றாவது பாத்தியில் ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்த்து நின்றுவிட்டார். டொக்டரின் முகத்தைத் தயக்கத்தோடு பார்த்தார்.

அருந்ததி கொப்பியை விரித்துப் பேனையை எடுத்தார்.

"யோசிக்காமல் சொல்லுங்கோ" என்றார்.