ஆச்சு

"ஆச்சா?" என்று இசக்கிபாண்டி கேட்பதும், "ஆச்சு" என்று சுடலைச்செல்வி சொல்வதும் கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. சோறு ஆச்சா, கிளம்பியாச்சா என்று நாள் முழுக்கக் கேட்கிற அதே குரலில்தான் படுக்கையிலும் கேட்பான். தூங்கலாமா என்று கேட்கிறான் போலிருக்கிறது என்று அவளும் சொல்லிவிடுவாள். பாவம், கோவில்பட்டிக் கடையில் பகலெல்லாம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டிவிட்டு வருகிற மனுஷன், தூங்கட்டும். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தாலி கட்டி அனுப்பும்போது அம்மா சொன்ன புத்தியெல்லாம் அடுப்படியோடு முடிந்துவிட்டது.

போன மாதம் ஒரு மத்தியானம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், தனியாகப் படுத்திருந்தவளுக்கு அவள் கையாலேயே அது தெரிந்துவிட்டது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது. சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. இத்தனை வருஷமும் சொன்ன "ஆச்சு" எல்லாம் பொய் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று நிற்பாள், பால் பொங்கி வழியும். அவன் பக்கத்தில் வந்து படுத்தாலே எரிச்சல். சொல்லாமலே இருந்தால் இந்த மனுஷனை வெறுத்துவிடுவோமோ என்று பயந்தாள். சொன்னால் எங்கே படித்தாய் என்று கேட்பானே என்று அதற்கும் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கழுகுமலையில் ஒரு காதுகுத்து. மகள் முந்தின நாளே பாட்டியோடு போய்விட்டாள். பைக்கில் இவர்கள் இருவர் மட்டும். முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் திடீர் தைரியம்.

"ஏங்க, எனக்கு ஆகலை."

"என்ன?" ஹெல்மெட்டும் காற்றும் பாதியைத் தின்றுவிட்டன.

"எனக்கு ஆகலைங்க!"

"உடம்புக்கு ஆகலையா? வீட்டுக்குத் திரும்பவா?"

"உடம்புக்கு இல்ல! ராத்திரி ஆச்சான்னு கேப்பீங்கள்ல, அது! ஒரு நாளும் ஆகலை!"

ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இசக்கிபாண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி, மக்காச்சோளம் அறுத்தபின் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினான்.

"பெறகு ஏன்ட்டி ஆச்சுன்னு சொன்ன?"

"நீங்க தூங்கணும்னுதான கேட்டீங்க?"

"தூங்குததுக்கு உங்கிட்ட என்னத்துக்குக் கேக்கணும்? நான் நெசமாத்தான் கேட்டேன். நீ ஆச்சுன்ன. நம்பிட்டேன்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஒனக்கு ஒரு தடவகூட இல்லையா?"

"ஒரு தடவ. நீங்க இல்லாதப்ப."

அவன் முகம் கறுத்தது. "யாரு?"

அதுவரை இருந்த பயமெல்லாம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. "யாருன்னா கேக்குதீங்க? நான்தான். நானும் என் கையும்தான். கேட்டாச்சுல்ல, வண்டிய எடுங்க."

அவன் எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"தப்பாக் கேட்டுட்டேன்ட்டி," என்றான் ஒருவழியாக. "எனக்கும் ஒருத்தரும் சொல்லித்தரலை. எப்படின்னு நீயே சொல்லு."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. தெரிந்ததெல்லாம் தெருச்சண்டையில் கேட்ட வசவுகள். அதையா தன் உடம்புக்குச் சொல்வது?

"அங்கன திரும்பி நில்லுங்க," என்றாள்.

திரும்பி நின்றான். வேர்வையில் ஒட்டியிருந்த சட்டைமேல் இரண்டு விரலை வைத்து, அவன் முதுகில் மெல்ல வட்டம் போட்டாள்.

"இப்படி. நான் சொல்லுத வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"இம்புட்டு மெதுவாவா?"

"ஆமா."

சங்கரன்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.