சுசீலா வீட்டுச் சிடார் சுவர்

வளைகுடாவில், மங்காஃபில் எங்கள் தெரு முழுக்கச் சிமெண்ட் கட்டடங்கள்தான். சுசீலாவின் வில்லாவுக்கு மட்டும் முன்பக்கச் சுவரில் அடி முதல் நுனி வரை சிடார் மரப் பலகை. வீட்டு ஓனர் மஹ்மூது எந்தக் காலத்திலோ கனடாவில் படித்தவராம். அங்கே பார்த்த வீடு மனதில் ஒட்டிக்கொள்ள, கப்பலில் பலகை வரவழைத்து, தேன் நிறத்தில் சாயம் ஏற்றி அடித்துவிட்டார். பெருமைப்பட வேண்டியவர் அவர்; பட்டது சுசீலா. யார் வீட்டு விசேஷத்துக்கு வந்தாலும், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் "எங்க வீட்டுச் சுவர் சிடாராச்சே" என்பாள். அவள் கணவர் தியாகு, பெரிய கம்பெனியில் இன்ஜினியர், அப்போதெல்லாம் தட்டிலிருக்கும் சமோசாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2005 ஆகஸ்டில் கடலிலிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கியது. கண்ணாடி போட்டவர்களுக்கு வாசலைத் தாண்டினால் ஆவி படிந்து கண் தெரியாது. அந்த ஈரத்தில் சிடார் மேல் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. முதலில் மிளகுத்தூள் தூவியது போல. பத்தே நாளில் திட்டுத் திட்டாய்.

செப்டம்பரில் வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. சுவரைப் பார்த்த பிறகுதான் புதுப்பிப்பேன் என்று மஹ்மூது சொல்லியனுப்பிவிட்டார். புதுப்பிக்காவிட்டால் எங்களைப் போல ஃப்ளாட்டுக்கு வரவேண்டும். "பாவம், நீங்கள்லாம் லிஃப்டுக்கு நிக்கணும் இல்ல?" என்று எங்களை விசாரிப்பவளுக்கு அது லேசான விஷயமா?

திருச்சியில் அவள் அப்பா வீட்டு நிலைக்கதவுக்கு வருஷம் தவறாமல் நல்லெண்ணெய் பூசுவார்களாம். "மரத்துக்கு வறட்சி. எண்ணெய் காட்டினா சரியாப் போயிடும்" என்று முடிவு கட்டினாள். வெளியே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். இவள் மரத்துக்கு வறட்சியாம். தெருமுனைக் கடையிலிருந்து ஐந்து லிட்டர் டின் மூன்று வந்தது. தியாகு ஏணியைப் பிடிக்க, பழைய பனியனால் சுவர் முழுக்கத் தேய்த்தாள். நானும் பக்கத்து ஃப்ளாட் ஷம்சியாவும் பால்கனியில் நின்றிருந்தோம்.

"என்னடி, சுவத்துக்குத் தீபாவளியா?" என்றாள் ஷம்சியா. "சீயக்கா எப்பத் தேய்ப்பா?"

மூன்றாம் நாள் புழுதிக்காற்று அடித்தது. பறந்த மண்ணெல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டது. எறும்பு வரிசை கட்டியது. தெருவே இட்லிப்பொடி வாசனை. கறுப்போ, முன்பைவிட இரண்டு மடங்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை, கம்பெனியின் தொழிலாளர் கேம்பிலிருந்து ஐயப்பன் என்ற பெயிண்டரைத் தியாகு கூட்டி வந்தார். அறந்தாங்கிக்காரர், பதினோரு வருஷ சர்வீஸ். சுசீலாவுக்குத் திருப்பித் தரவேண்டிய பாத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஐயப்பன் பஞ்சைக் கிளோராக்ஸ் ப்ளீச்சில் தொட்டுக் கறுப்பின் மேல் வைத்தார். ஒரு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்தது.

"அழுக்குன்னா போகாது மேடம். இது பூஞ்சை. எண்ணெய் யாரு தடவுனது?"

தியாகு வானத்தைப் பார்த்தார்.

"ஏன், தடவினா என்ன?" என்றாள் சுசீலா.

"ஒண்ணுமில்ல மேடம். பூஞ்சைக்கு இலை போட்டுச் சோறு வச்ச மாதிரி. நல்லாத் தின்னுருக்கு."

எனக்கு இருமல் வந்துவிட்டது.

பாத்திரம் கழுவும் சோப்பால் முதலில் பிசுக்கை எடுத்தார். பிறகு ஒரு பங்கு கிளோராக்ஸுக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, மெத்தென்ற பிரஷ்ஷால் மரத்தின் ரேகை போன போக்கிலேயே தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, குழாய்த் தண்ணீரால் அலசினார். மதியத்துக்குள் இடதுபாதி முடிந்தது. ஒரு புள்ளி இல்லை. வைக்கோல் நிறத்தில் வெளுப்பாய்ப் பளிச்சென்று நின்றது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்த சுசீலா கத்தினாள். "ஐயோ, கலரே போச்சே! நிறுத்து, நிறுத்து!"

"சுத்தமான மரம் இப்பிடித்தான் மேடம் இருக்கும். நாலு நாள் காயட்டும். ஸ்டெயின் அடிச்சா பழைய கலர் வந்துரும். மிச்சப் பாதியையும் இன்னைக்கே கழுவிர்றேன்."

"எனக்கே சொல்லித் தரியா? நான் ஹோம் சயின்ஸ்ல கோல்ட் மெடல். கேம்ப் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையில்ல இது, சிடார்!"

"சுசீ, அவருக்குத் தெரியும்மா..."

"நீங்க சும்மா இருங்க."

ஐயப்பன் பிரஷ்ஷைக் கழுவி, உதறி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். மரத்துக்கென்றே ஒரு லெபனான் நிபுணர் வரப்போவதாகச் சுசீலா தெரு முழுக்கச் சொன்னாள். நிபுணர் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை மஹ்மூதுதான் வந்தார்.

வலதுபாதியைத் தொட்டார். விரல் கறுத்தது. மோந்து பார்த்தார். "சிம்சிம்?" என்றார். எள்ளெண்ணெய் சுவரில் என்ன செய்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. இடதுபாதியைத் தடவினார். முகம் மலர்ந்தது. "இதைச் செய்த ஆள் எங்கே? ஏன் பாதியில் விட்டான்?"

தியாகு மனைவியைப் பார்த்தார். அவ்வளவுதான், மஹ்மூதுக்கு விளங்கிவிட்டது.

"ஒரே வாரம் குடுங்க, அதே ஆளைக் கூப்பிட்டு முடிச்சிடறேன்" என்று சுசீலா ஆங்கிலத்தில் கெஞ்சினாள். பால்கனி வரை கேட்டது.

"கலாஸ்" என்றார் மஹ்மூது, பேச்சு முடிந்தது என்று. வீடு அவர்களுக்கே, இன்னும் இரண்டு வருஷத்துக்கு. ஆனால் மரம் கிடையாது. நல்ல பலகையெல்லாம் அவருடைய பண்ணை வீட்டுக்கு, மிச்சம் குப்பைக்கு. சுவருக்குச் சிமெண்ட் பூசி, கிரீம் கலர் பெயிண்ட்.

பலகை கழற்ற, தியாகுவிடம் விசாரித்து மஹ்மூது அனுப்பிய ஆள் ஐயப்பன். இடதுபக்கப் பலகைகளை ஒவ்வொன்றாய்ப் போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல லாரியில் ஏற்றினார். சுசீலா வாசலில் நின்றிருந்தாள். நானும் நின்றிருந்தேன், இந்த முறை பாத்திரம்கூட இல்லாமல்.

"ஐயப்பன் அண்ணே, ஒரே ஒரு பலகையாவது விட்டுட்டுப் போங்களேன்" என்றாள். அண்ணே!

"ஓனர் சத்தம் போடுவாரு மேடம்" என்ற ஐயப்பன், குப்பைக் குவியல் பக்கம் கையைக் காட்டினார். "அதுல வேணும்னா எடுத்துக்கங்க. எண்ணெய் நல்லா ஊறியிருக்கு."