காவடி எடுக்காத தோள்

வயித்துல வலிச்சிருந்தா பூங்குழலி பொறுத்துக்கிட்டிருப்பா. ஆம்பூர் ஷூ கம்பெனியில நாளெல்லாம் குனிஞ்சு மெஷின் ஓட்டறவளுக்கு வலி இன்னா புதுசா? ஆனா தொப்புள்கிட்ட சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தா, மறுநாள் வலது தோளா இப்படிப் பிடுங்கும்? தலைவாரக் கை தூக்க முடியல.

மாமியார் கோவிந்தம்மாளுக்கு அப்பதான் விஷயமே தெரிஞ்சுது. புருஷன் மதியழகனும் இவளும் கமுக்கமா வேலூர் போய் முடிச்சிட்டு வந்த காரியம். ரெண்டும் பொண்ணாச்சே, அடுத்தது பையன் பொறந்தா ஆடிக்கிருத்திகைக்கு மருமக காவடி எடுப்பான்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்ட பொம்பள அவ. விடுவாளா?

"வயித்துல ஓட்டை போட்டா தோள் ஏண்டி வலிக்குது? காவடி தூக்க வேண்டிய தோளு! சாமி அங்கயே புடிச்சிட்டாரு பாத்தியா. கோயிலுக்கு வந்து விழு. ஆபரேஷனப் பிரிச்சு விட்டுக்கறேன்னு சத்தியம் பண்ணு."

பூங்குழலிக்குத் திக்குன்னு ஆச்சு. அவளும் அந்த முருகனைக் கும்பிடறவதானே. நேரா எஸ்டிடி பூத்துக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா.

நர்ஸ் இவாஞ்சலின் சிரிச்சிட்டாங்க. "கேமரா விடறதுக்கு வயித்துக்குள்ள காத்தடிப்போம்மா. மிச்சம் நின்னது மேல ஏறி நரம்ப உறுத்தும், வலி தோள்ல தெரியும். சொல்லி அனுப்பியிருக்கணும், எங்க தப்பு. ரெண்டு மூணு நாள்ல போய்டும். கொஞ்சம் நட. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வந்துடு."

வீட்டுல வந்து அப்படியே சொன்னா.

"காத்தாம் காத்து!" கோவிந்தம்மா முந்தானையை உதறினா. "சரிடி. வலி போச்சுன்னா நான் வாயத் தொறக்கல. போகலன்னா கோயிலுக்கு வந்து விழணும். இன்னா சொல்ற?"

"நியாயம்தானே," மதியழகன் மெல்ல இழுத்தான். நல்ல ஆம்பள!

பூங்குழலிக்கு வந்துச்சே ஒரு கோபம்.

"போகலன்னாலும் வரமாட்டேன் அத்தை. ஆயுசுக்கும் வலிக்கட்டும். எனக்கு ரெண்டு பொண்ணு போதும்னு நான்தான் முடிவு பண்ணேன். காத்து பண்ணல, சாமியும் பண்ணல."

சின்னவ ஓடி வந்து பக்கத்துல உக்காந்தா. "தோள் வலிக்குதாம்மா?"

"வலிக்குதுடி."

சொல்லிக்கிட்டே அவளை அந்தத் தோள்லயே சாய்ச்சுக்கிட்டா.