கமலநாயகியின் பத்து யூரோக் கடன்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை 2004 கோடையில், ஜேர்மனியின் வுப்பர்டால் நகர அடகுக்கடை ஒன்றில், ஆட்கள் காத்திருக்கும் மரவாங்கில் எனக்குக் கிடைத்தது. நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன் என்று முதல் வரைவில் எழுதினேன். (பொய். என் கமெராவை அடகு வைக்கத்தான் போனேன்.)

2

தொடக்கம்: கடன் சுமை தாங்காமல் கமலநாயகி அந்தக் கதவைத் தள்ளி...

இல்லை. கமலநாயகிக்குக் கடனே கிடையாது. சிக்கலே அதுதான்.

அவரிடம் இருந்தது இருபத்திரண்டு பவுண் நகை. தை மாதம் மகள் பிரபாலினிக்குக் கல்யாணம்; ஆஸ்பத்திரித் தரை துடைத்துச் சேர்த்தது. அன்று மாலை ஐந்து மணிக்குக் குடும்பத்தோடு இலண்டனுக்குப் பஸ். இரண்டு வாரம் வீட்டில் ஆளில்லை. அந்தக் கோடையில் அவர் தெருவில் மட்டும் மூன்று தமிழ் வீடுகளை உடைத்து நகையை அள்ளியிருந்தார்கள். வங்கிப் பெட்டகத்துக்கோ நீண்ட காத்திருப்புப் பட்டியல்.

அப்போதுதான் கணவர் முருகேசுவின் மூளை வேலை செய்தது. அடகுக்கடையில் நகை இரும்பறைக்குள் இருக்கும். சட்டப்படி வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று, கூடவே சிறு கட்டணம். மூன்று மாதத்துக்கு நகையை விற்கவும் முடியாது. ஆகவே, பத்தே பத்து யூரோ கடன் வாங்கினால் போதும்.

3

வாங்கினார்கள். அந்தக் காசில் பக்கத்துக் கடையில் கோப்பியும் கேக்கும் சாப்பிட்டார்கள். (முருகேசு இவ்வளவு கெட்டிக்காரரா என்று எனக்கே சந்தேகம். பொறுங்கள்.)

கமலநாயகி முதலில் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு வாசிக்கிறவர். கேக்கின் கடைசித் துண்டோடு சீட்டின் பின்பக்கத்துக்கு வந்தார். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக, அடகுப் பொருளைக் கடன் தொகையின் இரண்டு மடங்குக்குக் கடைக்காரர் காப்புறுதி செய்ய வேண்டும் என்றிருந்தது.

கடை எரிந்தால் இருபத்திரண்டு பவுணுக்கு இருபது யூரோ.

4

காப்புறுதியும் கூடட்டும் என்று ஓடிவந்து கடனைக் கூட்டித் தரும்படி கேட்டார்கள். கவுண்டரில் இருந்த மக்டலீன் பதினைந்து வருடமாகக் கடனாளிகளைப் பார்த்தவர். முக்கால் மணி நேரத்துக்கு முன் பத்து யூரோ கேட்ட பெண் இப்போது ஆயிரம் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? கடன் ஆலோசனை நிலையத்தின் துண்டுப்பிரசுரத்தை இரக்கத்தோடு கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். டெர்மின், அதாவது சந்திக்கும் நேரம், ஆறு வாரத்தில் கிடைக்குமாம்.

முருகேசு மெல்லக் கேட்டார்.

"ஆயிரத்தை வாங்கி எங்கை வைக்கிறது?"

"வீட்டிலை."

"கள்ளன் வந்தால்?"

(வங்கியில் போடலாமே என்கிறீர்கள். சனிக்கிழமை. வங்கி பூட்டு.)

5

முடிவு ஒன்று: நகையை மீட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். சுங்கத்தில்... வேண்டாம்.

முடிவு இரண்டு: அந்த ஆயிரத்தையும் மக்டலீன் அடகு பிடிக்கிறார். எழுதிவிட்டு வெட்கப்பட்டு அழித்தேன்.

நடந்தது இது. கடை பூட்டப் பத்து நிமிடம் இருந்தது. கமலநாயகியின் கண் கலங்கியதைப் பார்த்து மக்டலீன் மனமிரங்கிப் புதிய படிவம் எடுத்தார். தொகை எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக் காத்திருந்தார். கமலநாயகி மரவாங்கில் இருந்த என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் படிச்ச ஆள் மாதிரி இருக்கிறியள். எவ்வளவு எண்டு போடச் சொல்லுங்கோ."

என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி அடுத்த கவுண்டருக்கு எழுந்து போனேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த வெட்கம் தீராமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொகை: ............ யூரோ

பேனா உங்களிடம். கமலநாயகி இப்போது உங்களைப் பார்க்கிறார்.