செருப்பில் ஒரு சக்கரத் தடம்

“கடகடன்னு ஒப்பிக்காதீங்க. கடைசி வரிசை வரும்போது கண்ணைச் சுருக்கி, யோசிச்சு யோசிச்சுச் சொல்லுங்க. அப்பதான் நிஜமா படிக்கிற மாதிரி இருக்கும்.”

அடுப்பில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே அவள் கணவனுக்குப் பாடம் நடத்தினாள். அவன் பள்ளி வேன் ஓட்டுபவன். பிள்ளைகளுக்கு ‘வேன் மாமா’. லைசென்ஸ் புதுப்பிக்க இன்று மதியம் கண் பரிசோதனை. பரிசோதனை நடக்கும் கண்ணாடிக் கடைக்கு அவள் முன்கூட்டியே போய், யாருக்கோ காத்திருப்பவள் போல உட்கார்ந்து, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

“ஓ... எஃப்... டி... இசட்” என்றான் அவன், கண்ணைச் சுருக்கி.

“அசல் நடிகர்தான், போங்க!”

சிரித்தாள். கண் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை இருவரும் வீடு வந்து சேர்வதற்குள் விழுங்கிவிட்டிருந்தார்கள். வேன் நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை தூக்கினாள். “அப்பா, ‘அன்ஸீயிங்’னா என்ன, சொல்லுங்க பாக்கலாம்?”

“குருடுன்னு எழுதுடி, வாயாடி.”

“இல்லப்பா. கண்ணு திறந்திருக்கும், நம்மளையே பாக்கும், ஆனா எதுவும் உள்ள போகாது. அதுக்குத்தான் அந்த வார்த்தையாம். ‘அன்ஸீயிங் ஐஸ்’னு கண்ணோட சேர்த்துச் சொல்லணும்னு மிஸ் சொன்னாங்க. உங்களை வச்சே ஒரு வாக்கியம் எழுதிட்டேன்.”

“என்னைய வச்சா?”

“ஆமா. முந்தாநாள் வேன் பக்கத்துல நின்னு டாட்டா காட்டினேன்ல? என்னையப் பாத்துக்கிட்டே வண்டியை எடுத்துட்டீங்க. செருப்பு மேல சக்கரம் ஏறிடுச்சு. டக்குனு காலை உருவிக்கிட்டேன்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அந்தச் செருப்பு அம்மாவுக்குத் தெரியும். வார் அறுந்து, கறுப்பாக டயர்த் தடம் பதிந்து வந்தது. மகள் எங்கேயோ போட்டு மிதித்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, வாரையும் தைத்துக் கொடுத்தாள். அதற்குள் ஒரு கால் இருந்திருக்கும் என்பதை மட்டும் நினைக்கவே இல்லை. நினைத்தால் என்ன செய்யவேண்டி வரும் என்று தெரிந்ததால் நினைக்கவில்லை.

இப்போது மகளின் கால்விரல்களைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய வேன் சாவியைக் கிலுங்க எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏய், சாவியைக் குடு. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்.”

“இருக்கட்டும். ஸ்கூலுக்கு நானே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடறேன்.”

“அப்புறம் என்னத்தைத் திங்கறது?” குரல் உடைந்தது. அவள் நகர்ந்து நின்றது தெரியாமல், அடுப்பைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் அருகில் வந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தெரியலைங்க. ஆனா ஒண்ணு. உங்களுக்குக் கண்ணு தெரியாதது நோவு, அதுல தப்பில்ல. எல்லாம் தெரிஞ்சும் நான் பாக்காத மாதிரி இருந்தேனே, அதுதாங்க பாவம். அடுத்த தடவை சக்கரம் செருப்போட நிக்காது.”