துரு ஒட்டாத இலை

சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வந்ததும் மாரிசாமி கண்களைக் கசக்கிக்கொண்டார். மரமெல்லாம் சிவப்பு. அதற்குப் பின்னால் மஞ்சள். மலைச்சரிவு முழுக்கத் தேடியும் பச்சை இலை ஒன்றுகூடக் காணவில்லை.

"புள்ள, எந்திரி. வெளிய பாரு."

மனைவி சென்னம்மாள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "இது எத்தனாவது குகைங்க?"

"பதினொன்னோ பன்னெண்டோ. குகையை எண்ணி எறங்கச் சொன்னான் பையன், எண்ணிக்கை உட்டுப்போச்சு."

"நம்ம ஏற்காட்டு ரோட்டுல வளைவுக்கு வளைவு நெம்பர் எழுதியிருக்கான். காஷ்மீர்ல பெயின்டுக்குப் பஞ்சம் போல."

அவர் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் காப்பி எஸ்டேட்டில் மருந்தடித்தவர். இலை இப்படிக் காவி நிறமானால் துருநோய் என்றுதான் அவருக்குத் தெரியும். ஒரு வருடம் எஸ்டேட் முழுக்க அந்த நோய் வந்து செடிகள் மொட்டையாக நின்றன. நாலு மாதம் யாருக்கும் வேலை இல்லை.

"அத்தனையும் சீக்கு புள்ள. ஒரு மரம் மிச்சமில்ல. நம்ம பையன் போன்ல ஒரு வார்த்தை சொன்னானா?"

"காட்டு மரத்துக்குமா வரும்?"

"வந்திருக்குதே."

"ஒரு டிரம் மருந்து கலக்கிக் கொண்டாந்திருக்கலாமுங்க. போற வழியில காஷ்மீருக்கே அடிச்சு உட்டிருப்பீங்க."

மாரிசாமி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு படிவம் இருந்தது. இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. பிள்ளைகளில் ஒருவர் அந்த வேலைக்கு வருவதாகக் கையெழுத்துப் போட்டால் வேலையும் எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் குடும்பத்துக்கே தொடரும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எஸ்டேட் ரைட்டர் மாதேஷ் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே பிள்ளை பாலகுமாரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவன் இரண்டு வருடமாக இங்கே தண்டவாளப் பராமரிப்பில் இருக்கிறான். கிடைத்த வேலையை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? மூன்று நாள் பயணத்திலும் அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை.

இப்போது அகப்பட்டுவிட்டது. சாகிற ஊரில் உனக்கென்ன வேலை, வா கண்ணு. அவ்வளவுதான்.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநிமிடமே உடம்பு கூசியது. ஒரு காடு செத்துக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்து சந்தோஷமா? "சேர்வராயா, மன்னிச்சுக்கோ" என்று ஊர் மலைச்சாமியிடம் முணுமுணுத்தார்.

ஆனால் ஒன்று அவருக்கு விளங்கவில்லை. பெட்டியில் யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் நின்று சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர் இருக்கையில் நீளமான கம்பளி அங்கி போட்ட ஓர் அம்மாள், மடியில் ஆப்பிள் கூடையோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கூடையின் மேல், விரித்த கை போன்ற சிவப்பு இலைகளுடன் ஒரு கிளை கிடந்தது.

மாரிசாமி பார்ப்பதைக் கண்டு அவர் இரண்டு ஆப்பிளை எடுத்து நீட்டினார். மாரிசாமி தலையாட்டிவிட்டு இலையைக் காட்டினார். அந்த அம்மாளுக்கு வியப்பாக இருந்திருக்கும். ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்தார். ஆப்பிளையும் சேர்த்தே கொடுத்தார்.

துருநோயின் தூள் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மாரிசாமி இலையைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் எதுவும் ஒட்டவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அப்போதும் சுத்தம்.

"தூளைக் காணோம் புள்ள."

"அப்ப சீக்கில்லீங்களா?"

"சீக்குன்னா ஒட்டோணும்."

"பின்ன எதுக்கு இப்படிச் செவந்து கெடக்குது?"

"அதான் தெரியல."

இலைக்காம்பின் நுனி சின்னத் தொப்பி போலக் குழிவாக இருந்தது. கிளையைப் பார்த்தார். அந்தத் தொப்பி மூடியிருந்த இடத்தில் ஒரு கூர்மையான மொட்டு. தொட்டார். கெட்டியாக, உயிரோடு இருந்தது.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்துக் காட்டினார். ஒரு வீட்டு முற்றம், பனிக்கு நடுவே மொட்டை மரம். அடுத்த படத்தில் அதே முற்றம், பச்சை மரம், அடியில் ஒரு குழந்தை. அதற்கடுத்து அதே மரம் சிவப்பாக.

"ஒரே மரமுங்களா?" என்று மாரிசாமி தமிழில் கேட்டார். அந்த அம்மாள் தன் பாஷையில் ஏதோ சொல்லித் தலையாட்டினார். சாகிற ஊர் என்று இனி மகனிடம் சொல்ல முடியாது.

சென்னம்மாள் பையைத் திறந்து, மகனுக்குக் கொண்டுவந்த காப்பித்தூள் பொட்டலங்களில் ஒன்றை அந்த அம்மாள் கையில் வைத்தாள். ஸ்டேஷன் பெயர் எழுதிய சீட்டையும் காட்டினாள். அதன்பின் அவர்கள் குகைகளை எண்ண வேண்டியிருக்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் அந்த அம்மாளே எழுப்பி, மூட்டையைக் கதவு வரை தூக்கி வந்தார்.

பிளாட்பாரத்தில் பாலகுமார் ஆரஞ்சு நிறச் சட்டையோடு நின்றான். "நொம்ப எளைச்சுட்டீங்கப்பா."

மாரிசாமி படிவத்தை எடுத்தார்.

"ஊட்டுக்குப் போயிக் குடுக்கலாமுங்க" என்றாள் சென்னம்மாள்.

"வேண்டாம். நம்மளுக்குச் சோறு போட்டு உக்கார வெச்சுட்டான்னா, அப்பறம் அவனால இல்லைன்னு சொல்ல முடியாது." மகனிடம் திரும்பினார். "படிச்சுப் பாரு கண்ணு. உன்ற இஷ்டம். போடாட்டியும் பரவால்ல. நம்மூருப் பக்கத்துல வெள்ளக்கடையில, கூட்டாளி அங்கப்பன் ஒரு வாடகை ஊடு பாத்து வெச்சிருக்கறான்."

"எங்கிட்ட மூச்சு உடலீங்களே" என்றாள் அவள்.

"உனக்கு எதுக்கு வெசனம்னுதான் சொல்லல."

பாலகுமார் இரண்டு முறை படித்தான். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினான். "இப்ப பூராவும் இலை கூட்டற வேலைதாம்ப்பா. ஈர இலை மேல சக்கரம் வழுக்கும். அப்பறம் பனி. சித்திரையில வந்தீங்கன்னா இந்த மலை முச்சூடும் பச்சையா நிக்கும். அப்ப உங்க ரெண்டு பேரையும் கூட்டியாந்து காட்டோணும்னு இருந்தேன்."

மாரிசாமி மனதுக்குள் மாதங்களை எண்ணினார். சித்திரையிலும் அவன் இங்கேதான் இருப்பான். அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மகனிடமிருந்து படிவத்தை வாங்கி, நடுவில் அந்தச் சிவப்பு இலையை வைத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மனசு கனக்கிறதா, லேசாகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. ரயில் நகர்ந்தது. ஜன்னலில் அந்த அம்மாள் காப்பிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"சித்திரையில வாறோம் சாமி" என்றாள் சென்னம்மாள் மகனிடம். "அதுக்குள்ள அந்தக் குகைக்கெல்லாம் நெம்பர் எழுதி வையி."