போஸ்டரில் இருக்கும் பல்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஓர் ஆரோக்கிய இதழின் ஆசிரியர் போன் செய்தார். "நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டுறது, இதை வெச்சு நம்பிக்கையா ஒரு கதை குடுங்க. உங்க அக்காவுக்கே அதுதானே? ரொம்ப வசதி."

வசதி. அந்தச் சொல் கிளப்பிய கோபத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'சாளரத்தின் வழியே நுழைந்த இளங்கதிர் அவள் முகத்தில் நம்பிக்கை என்னும்...'

அக்கா வாங்கிப் படித்தாள். "என் பட்டறையில ஜன்னலே கிடையாதுடா."

அக்கா பல்செட் கட்டுகிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்த்து எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். முன்பல் இரண்டில் ஒன்றை மயிரிழை திருப்பி வைப்பது அவள் வழக்கம். ஒரே வரிசையாக நின்றால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடுமாம்.

2

விளக்கம். (பிடிக்காதவர்கள் மூன்றுக்குத் தாவலாம். தாவினால் யார் கதைவிடுகிறார் என்பது பிடிபடாது.)

மெத்தில் என்பது ஒரு குட்டி வேதிக்கூட்டு. அது டி.என்.ஏ.வின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வின் எழுத்து ஒன்றும் மாறாது. ஆனால் ஒரு ஜீனின் தொடக்கத்தில் அடர்த்தியாக ஒட்டிவிட்டால் அந்த ஜீன் பெரும்பாலும் வேலை செய்யாது. இது நோயே அல்ல. கண்ணில் இருக்கும் செல் எலும்பு கட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புற்றுச் செல்லில் இந்த ஏற்பாடு தாறுமாறாகிறது. 'பெருகினது போதும்' என்று அதட்டவேண்டிய ஜீனின் வாயே அடைபடலாம்.

'ஒரு விளக்கின் ஸ்விட்சை அணைப்பதுபோல...' (அக்கா அடித்துவிட்டாள். "எல்லாரும் ஸ்விட்சுங்கறான். ஸ்விட்சுன்னா நான் போட்டுக்க மாட்டேனா?")

ரத்த டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "இப்ப சாப்பிடற மாத்திரை போதலை. ஜீன் அடைபட்டிருக்கறதும் ஒரு காரணமா இருக்கலாம். வேற மாத்திரைக்கு மாறணும், தள்ளிப்போடாதீங்க. திங்கட்கிழமை வாங்க."

அத்தான் கேட்டார். "எதனால அடைபட்டுது?"

"இவங்க விஷயத்துல தெரியாதுங்க. இவங்க செஞ்ச எதனாலயும்னு சொல்ல முடியாது."

இந்தக் கடைசி வாக்கியம் அத்தான் காதில் ஏறவே இல்லை.

3

வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். நாத்தனார் பிளாஸ்டிக் டப்பாவைக் கைகாட்டினாள். அத்தான் பட்டறைத் தூசியில் தொடங்கி, போனில் ஏதோ பார்த்து, அக்காவின் கோபத்தில் வந்து நின்றார்.

"கோவத்தை அடக்கி வெச்சா ஜீன் தூங்கிடுமாம். இவர் சொல்றார் பாரு."

இவர் என்பது உள்ளொளி ஐயா. அவருடைய போஸ்டர் எங்கள் தெருமுனைச் சுவரில் இருக்கிறது: 'உறங்கும் ஜீன்களைப் புன்னகையால் எழுப்புவோம்.' கீழே ஐயா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பத்து நாள் மௌன முகாம், மாத்திரைக்கு அனுமதி இல்லை, திங்கட்கிழமை ஆரம்பம். அத்தான் இடம் பிடித்துவிட்டார்.

"நான் கோவத்தை எப்பங்க அடக்கினேன்?" என்றாள் அக்கா.

"இதோ, இதைத்தான் சொல்றார்."

அடக்கினாலும் அவள் குற்றம், காட்டினாலும் அவள் குற்றம். செல்லுக்குள் ஒட்டிய ஒன்றை வைத்து ஒரு பெண்ணின் வாயில் பிளாஸ்திரி போடுகிறார்கள் என்று எழுதி அனுப்பினேன். 'நெகட்டிவ் வேணாமே' என்று ஆசிரியர் செய்தி அனுப்பினார்.

(அத்தானை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. மனுஷன் ராத்திரியெல்லாம் போனில் தேடுவது பயத்தில். பயந்தவர்களிடம்தான் ஐயாவுக்கு வியாபாரம்.)

4

திங்கட்கிழமை. அத்தான் ஸ்டியரிங்கில், அக்கா பக்கத்தில், நான் பின்னால். தெருமுனையில் இடப்பக்கம் முகாம், வலப்பக்கம் ஆஸ்பத்திரி.

"வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் அக்கா. போஸ்டரைப் பார்த்தாள். "அந்த முன்பல்லைப் பாருங்க. ஒண்ணு லேசா திரும்பியிருக்கா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நான் திருப்பினது."

அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"யாருக்குப் பல்லு கட்டினேன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்கு என் வாயைத் திறக்க வெச்சுட்டீங்க. மேல கீழ ரெண்டு செட்டும் நான் கட்டினது. பல்லு முளைக்க வைக்கற ஜீன் அவருக்கும் உள்ள தூங்கிட்டுதானே இருக்கு? சிரிச்சு எழுப்பிக்க வேண்டியதுதானே. எதுக்கு அவரு பல்லு அச்சு என்கிட்ட வந்துது?"

அத்தான் போஸ்டரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

5

முடிவு அ: அத்தான் அழுகிறார், வண்டி வலப்பக்கம் திரும்புகிறது, புது மாத்திரை... (கேட்குமா என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஆசிரியருக்கு மட்டும் தெரியும்.)

முடிவு ஆ: அக்கா இறங்கி ஆட்டோ பிடிக்கிறாள். அவளே இதை அடித்தாள். "ஆட்டோவுல போக எனக்குத் தெரியாதா? அவர்தான் கொண்டுபோய் விடணும். நோய் என்னாலதான் வந்துதுன்னு சொன்ன அதே ஆள்."

முடிவு இ: ஆசிரியர் கேட்டது. 'அவள் புன்னகைத்தாள்.' இதை எழுத என் கை வராது.

வண்டி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். வாசகரே, இனி ஸ்டியரிங் உங்கள் கையில், திருப்புங்கள். ஆனால் ஒரு வார்த்தை அக்காவைக் கேட்டுவிட்டுத் திருப்புங்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை.